பதம் வராத எட்டுச் சுருட்டு

சீடருக்கு வயது அறுபத்தேழு. குருவுக்கு நாற்பத்தாறு. இதில் சீடருக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. குருவுக்குத்தான் ஆரம்பத்தில் கொஞ்சம் இருந்தது. காலில் விழ வந்தவரை, "ஐயோ, வேணாம், உங்க மூட்டு தாங்காது" என்று தடுத்துவிட்டார்.

குருவின் பெயர் மரகதம்மா. உறையூரில் இருபது வருஷம் சுருட்டு சுருட்டியவர். கை சுருட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அந்த இரண்டு வார்த்தைக்காகவே ஆட்கள் வர ஆரம்பித்து, சுருட்டுக் கொட்டகையில் இடம் போதாமல் போய், கடைசியில் கொள்ளிடக் கரையில் ஒரு ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் அதை ஆசிரமம் என்பார்கள். அவர் வீடு என்றுதான் சொல்வார்.

இருபது வருஷத்தில் ஒரு சுருட்டைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுருட்டை விரலால் உருட்டினால் போதும், அது எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கை தப்பாகச் சொன்னதாக உறையூரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

சீடர் குழந்தைவேலு, பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரில்தான் குழந்தை. குரலோ இன்னும் பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரல். எதுவாக இருந்தாலும் உடனே முடிந்தாக வேண்டும் அவருக்கு. தியானத்துக்கு உட்கார்ந்தால்கூடப் பத்தாவது நிமிஷம் ஒரு கண்ணைத் திறந்து, "ஆச்சாம்மா?" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். வணக்கம் சொல்லவில்லை. வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"காஞ்சு போனதுக்கு ஈரம் திரும்ப வருமாம்மா?"

மரகதம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எது காஞ்சு போச்சு?"

"சுருட்டு."

"அட, நான்கூட வேற எதுவோன்னு பயந்துட்டேன். குடுங்க பாக்கலாம்."

பெட்டியில் இருபத்தைந்து சுருட்டு இருக்க வேண்டும். இரண்டு, திறந்த வேகத்திலேயே குழந்தைவேலுவின் கையில் நொறுங்கிப் போயிருந்தன. மிச்சம் இருபத்துமூன்று. எல்லாம் விறகுச் சுள்ளி மாதிரி கிடந்தன.

"எத்தனை வருஷம்?"

"ஏழு."

"எத்தனை நாள்ல சரியாகணும்?"

"பன்னெண்டு."

மரகதம்மா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"யாருக்கு?"

குழந்தைவேலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சவரிமுத்து என்று ஒரு சிநேகிதன். பட்டறையில் முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவன். தினம் நாலு மணிச் சங்கு ஊதியதும் குவார்ட்டர்ஸ் பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுருட்டு பிடித்துவிட்டுத்தான் இருவரும் வீட்டுக்குள் போவார்கள். ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு அவன்தான் தன் மனைவியிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பினான். இப்போது மகளோடு இருக்கப் போகிறானாம், பெங்களூருக்கு, ஒரேயடியாக. நேற்று ஃபோன் வந்தது.

"என்ன சொன்னாரு?"

"'அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வர்றேன். புதன்கிழமை எனக்கு வண்டி. அந்தச் சுருட்டுல மிச்சம் இருந்தா எடுத்து வை. ஆளுக்கொண்ணு இழுத்துட்டுக் கிளம்பறேன்'னான். அவ்வளவுதான். வெச்சுட்டான்."

"பெட்டி ஏன் இப்படிக் காஞ்சுது?"

"மறந்துட்டேன்மா. எங்கயோ வெச்சு மறந்துட்டேன்."

"ஓஹோ."

குழந்தைவேலு அவசரமாகத் தொடர்ந்தார். "அவன் வந்து பார்க்கறப்போ, இத்தனை வருஷமாப் பத்திரமா வெச்சிருந்தேன்னு தெரியணும். இப்படிச் சுள்ளியா நீட்டினா எப்படி? வர்றது இந்த ஒரு தடவைதான். அப்புறம் நான் எங்க அவனைப் பாக்கப் போறேன்? தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தா ஆகாதா?"

"முக்கலாமே."

மரகதம்மா ஒரு சுருட்டை எடுத்தார். சொம்பில் இருந்த தண்ணீரில் பாதி வரைக்கும் முக்கினார். தரையில் வைத்துவிட்டு மறுபடி கீரை ஆயத் தொடங்கினார். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் மேல் இலை ஊதி, ஓரம் எழும்பி, நீளமாக விரிசல் விட்டுவிட்டது. அவர் அதை இரண்டாக ஒடித்துக் காட்டினார். உள்ளே அப்படியே மொறமொறவென்று கிடந்தது.

"இருபத்திரண்டு," என்றார் குழந்தைவேலு வயிறு எரிந்து.

"வீட்டுல பிஸ்கட் டின் இருக்கா?"

"இருக்கு."

"ஓட்டுச் சில்லு ஒண்ணு எடுத்துத் தண்ணியில ஊறப் போடுங்க. நாளைக்குக் காலையில எடுத்துத் துடைங்க. தொட்டா ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. டின்னுல அது ஒரு மூலை, சுருட்டு ஒரு மூலை. ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது. மூடியை லேசா வையுங்க. தினம் ஒரு தடவை திறந்து மேல இருக்கறதைக் கீழயும், கீழ இருக்கறதை மேலயும் மாத்தி வையுங்க. சில்லு காஞ்சா மறுபடி நனைச்சு வையுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் மூடிட்டு வேற வேலையைப் பாருங்க."

"பதம் வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவர் இன்னொரு சுருட்டை எடுத்து, குழந்தைவேலுவின் காதோரம் வைத்து, இரண்டு விரலால் மெல்ல உருட்டினார். சரசரவென்று சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது.

"இந்தச் சத்தம் நின்னா பதம்."

"எத்தனை நாள்ல நிக்கும்?"

"நின்னப்புறம் சொல்றேன்," என்றார் மரகதம்மா.

*

முதல் மூன்று நாள் குழந்தைவேலு சொன்னபடிதான் செய்தார். மனுஷர் எதையும் அளவாகச் செய்தவரில்லை என்றாலும், இதில் ஒரு பயம் இருந்தது. காலையில் டின்னைத் திறப்பார், மாற்றி அடுக்குவார், மூடுவார். பத்து நிமிஷத்தில் மறுபடி திறந்து பார்ப்பார்.

"ஏங்க, அடைகாக்கற கோழிகூட அப்பப்ப எழுந்து போகுது," என்றார் அவர் மனைவி தனபாக்கியம்.

நாலாம் நாள் காதில் வைத்துப் பார்த்தார். சரசர. ஆறாம் நாளும் சரசர. எட்டாம் நாள் புதன்கிழமை, காலையில் பார்த்தபோது மேல் இலை கொஞ்சம் இளகியிருந்தது போலப் பட்டது. ஆசையோடு காதில் வைத்தார். சரசரவென்றுதான் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலே நாள்.

அப்போதுதான் ஃபோர்மேன் மூளை வேலை செய்தது. தண்ணீரில் முக்கக் கூடாது என்றுதானே அம்மா காட்டினார்? ஆவியில் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. தண்ணீர் வேறு, ஆவி வேறு. இது தெரியாமலா இத்தனை வருஷம் பட்டறையில் குப்பை கொட்டினோம்?

தனபாக்கியம் மார்க்கெட்டுக்குப் போகிற வரைக்கும் காத்திருந்தார். இட்லிப் பானையை எடுத்தார். அடியில் தண்ணீர் விட்டார். தட்டில் ஈரத்துணி போட்டு, தட்டுக்கு ஏழாக இரண்டு தட்டு அடுக்கினார். ஒரு ஈடுக்குப் பதினாலு. மூடி வைத்துவிட்டு, கைகட்டி அடுப்பின் முன் நின்றார். பாய்லர் முன்னால் நிற்கிற மாதிரிதான் நின்றார். மனசுக்குள் அவ்வளவு பெருமை.

ஏழு நிமிஷம் கழித்துத் திறந்தார்.

பதினாலும் வாழைப்பூ மாதிரி விரிந்து கிடந்தன.

மூடியைக் கையில் பிடித்தபடி அவர் அசையாமல் நின்றார். வீடு முழுக்கப் புகையிலை வாடை. கைப்பையோடு உள்ளே வந்த தனபாக்கியம் மூக்கைச் சுளித்தார். அடுப்பைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார்.

"இட்லிப் பானையிலயா?"

"தனம், நான் என்ன சொல்றேன்னா…"

"எங்கம்மா வீட்டுச் சீர் இது! இனிமே இதுல இட்லி ஊத்தினா முனியப்பனுக்குத்தான் படைக்கணும்! மனுஷன் திம்பானா அதை?"

வழக்கமாக இதற்குப் பதிலுக்கு ஒரு சத்தம் போடுவார் குழந்தைவேலு. அன்றைக்குப் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தனபாக்கியம் இன்னும் இரண்டு வார்த்தை திட்ட வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எத்தனை மிச்சம் இருக்கு?"

"எட்டு."

"போதும். நீங்க ரெண்டு பேர்தானே."

பானையைப் புளி போட்டுத் தேய்க்க அவர் பின்கட்டுக்குப் போனார்.

*

மறுநாள் மரகதம்மாவின் முன்னால் பதினாலு வெடித்த சுருட்டையும் ஒரு பேப்பரில் பரப்பினார் குழந்தைவேலு. நடந்ததைச் சொன்னார்.

மரகதம்மா ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "துணி போட்டீங்களா, எண்ணெய் தடவினீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார்.

"சிரிங்கம்மா. என் பொழப்பு சிரிப்பாத்தான் போச்சு."

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இருபது வருஷத்துல இப்படி ஒரு பக்குவத்தை நான் பார்த்ததில்ல."

சிரிப்பு அடங்கியதும் குழந்தைவேலு மெதுவாகக் கேட்டார். "உறையூர்லயே புதுசா ஒரு கட்டு வாங்கி, அந்தப் பழைய பெட்டியில போட்டு வெச்சுடலாமான்னு பாக்கறேன்."

"வைக்கலாமே."

"நீங்க எதுக்கெடுத்தாலும் 'லாமே'ங்கறீங்க. முக்கலாமேன்னீங்க, என்ன ஆச்சு?"

மரகதம்மா வெடித்த சுருட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்.

"பெட்டி அவரு குடுத்தது. சுருட்டு கடைக்காரர் குடுத்தது. நீங்க அவருக்குக் குடுக்கறது எது?"

குழந்தைவேலு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொள்ளிடத்து மணல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மறந்து வைக்கலம்மா," என்றார். "பொய் சொன்னேன். வேணும்னேதான் பரண் மேல தூக்கிப் போட்டேன். 'அவன் சுருட்டு எனக்கெதுக்கு'ன்னேன். திறந்துகூடப் பாக்கல."

குரு கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். மகள் கல்யாணத்துக்கு ஊர் முழுக்க வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தவர், சவரிமுத்துவுக்கு மட்டும் பட்டறையில் ஒருத்தர் கையில் கொடுத்தனுப்பினார். நம்ம சவரிதானே, அவனுக்கென்ன சம்பிரதாயம் என்றுதான் நினைத்தார், சத்தியமாக வேறு எதுவும் இல்லை. சவரிமுத்து கல்யாணத்துக்கு வரவில்லை. வராதவனிடம் நான் ஏன் பேசணும் என்று இவர் பேசவில்லை. பேசாதவனிடம் நான் ஏன் போகணும் என்று அவன் வரவில்லை. போன வருஷம் அவன் மனைவி லூர்து மேரி இறந்துபோனாள். இந்தப் பெட்டியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவள். இவர் கல்லறைத் தோட்டம் வரைக்கும் போனார், கூட்டத்துக்குப் பின்னால் நின்றார், கிட்டே போகக் கால் வராமல் திரும்பிவிட்டார்.

"அவ கையால எத்தனை தடவை சாப்பாடு போட்டிருக்கா எனக்கு. கிட்டப் போய் அவன் தோளைத் தொடலம்மா நான். தொடல."

மரகதம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"இதையெல்லாம் எங்கிட்ட எதுக்கு ஐயா சொல்றீங்க?" என்றார்.

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தார். குரு கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு சவரிமுத்து வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வாசலில் நின்று, "வீட்டுல யாருங்க?" என்றார், முப்பது வருஷம் கேட்காமலே சமையற்கட்டு வரை வந்த மனுஷர்.

"வா சவரி."

"ம்."

நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தனபாக்கியம் காபி கொண்டுவந்து வைத்து, "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்றார். "இருக்கேன்மா." மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் அதை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள்.

"மிச்சம் ஏதாவது இருக்கா?" என்றார் சவரிமுத்து.

குழந்தைவேலு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். சவரிமுத்து ஒன்றை எடுத்தார். காதோரம் வைத்து உருட்டினார். புருவம் உயர்ந்தது.

"ஏன்டா டின்னுல கிடக்கு?"

குழந்தைவேலு இரண்டு நாளாக மனசில் நன்றாக அடுக்கி வைத்திருந்த வார்த்தை எல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. சும்மா சொல்ல ஆரம்பித்தார்.

"பரண்ல போட்டேன். ஏழு வருஷம். திறக்கவே இல்ல. உன் மேல கோபம். நீ வர்றேன்னு ஃபோன் பண்ணப்புறம்தான் எடுத்தேன். ரெண்டு நொறுங்கிப் போச்சு. ஒண்ணு அம்மா தண்ணியில முக்கிக் காட்டினாங்க. பதினாலை நான் இட்லிப் பானையில வெச்சு அவிச்சுட்டேன். இது எட்டுதான் மிச்சம்."

சவரிமுத்து சுருட்டைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"எதுல வெச்சு?"

"இட்லிப் பானையில."

உள்ளே இருந்து தனபாக்கியத்தின் குரல் வந்தது. "இன்னும் வாடை போகல அண்ணே! மூணு நாளா உப்புமாதான்!"

சவரிமுத்துவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. சிரித்தார். "அட அறிவு கெட்டவனே," என்றார். "ஃபோர்மேனாடா நீ?" என்றார். சிரித்துச் சிரித்து இருமினார். குழந்தைவேலு எழுந்து போய் முதுகைத் தடவிவிட்டார். தடவிய கையை எடுக்கவில்லை.

இருமல் நின்றதும் சவரிமுத்து சொன்னார். "அன்னிக்கு உன்னைப் பார்த்தேன்டா. கல்லறைத் தோட்டத்துல. வேப்பமரத்துப் பக்கம் நின்னே."

"ம்."

"வருவேன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"வந்திருக்கணும் சவரி. அந்தப் பத்திரிகையையும் வீட்டுக்கு வந்து வெச்சிருக்கணும்."

"வெச்சிருக்கலாம்ல?"

"வெச்சிருக்கலாம்."

"சரி விடு," என்றார் சவரிமுத்து. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடி சுருட்டைக் காதில் வைத்தார். "இது இன்னும் பதம் வரல. மேலதான் இளகியிருக்கு. இப்ப பத்த வெச்சா வெடிச்சிடும்."

"எத்தனை நாளாகும்?"

"மாசத்துக்கு மேல ஆகும்."

"நீ புதன்கிழமை போறியே."

சவரிமுத்து டின்னுக்குள் பார்த்தார். மேலே இருந்ததைக் கீழே வைத்தார், கீழே இருந்ததை மேலே வைத்தார். ஓட்டுச் சில்லைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருக்கு பாரு, நனைச்சுக் கொண்டா," என்று அதட்டினார். ஃபோர்மேன் எழுந்து போய் நனைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு சவரிமுத்து ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, டிக்கெட்டைத் தள்ளிப் போடும்மா. இங்க ஒரு வேலை அரைகுறையா நிக்குது. இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆளுக்கொரு சுருட்டு இழுத்துட்டா மறுநாளே வண்டி ஏறிடறேன்."

*

ஆடி போய் ஆவணியும் பாதி போனது. ஒரு நாள் மதியம் இரண்டு மணி வெயிலில், கைக்குட்டையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு குழந்தைவேலு வந்தார்.

"என்ன ஐயா, உங்களைப் பாக்கறதே அபூர்வமாயிடுச்சு. தியானத்துக்கும் காணோம்."

"எங்கம்மா நேரம்? தினம் நாலு மணிக்கு டாண்ணு வந்துடறான். பின்கட்டுல துவைக்கிற கல்லுல உட்கார்றோம். டின்னைத் திறக்கறான், மோந்து பாக்கறான், காதுல வைக்கறான். 'இன்னும் ஆகலடா, நாளைக்குப் பாக்கலாம்'ங்கறான். மூடிடறான். அப்புறம் பேச்சுதான். விளக்கு வெக்கற வரைக்கும் பேச்சு. ஒன்பது வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்குல்ல? தனம் அவனுக்கும் சேத்து உலை வைக்கறா."

"மக என்ன சொல்லுது?"

"ரெண்டு தடவை டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடுச்சு. 'அப்பா சிரிக்கற சத்தம் ஃபோன்ல கேக்குது மாமா, அது நல்லா ஊறட்டும்'ங்குது."

"அப்புறம் என்ன?"

குழந்தைவேலு கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு சுருட்டு. கருத்து, மினுமினுவென்று, தொட்டால் விரலுக்கு இதமாக அமுங்கியது.

"இன்னிக்குக் காலையில நான் எடுத்துப் பார்த்தேன்மா. சத்தம் இல்ல. நேத்தும் இல்ல. அதுக்கு முந்தின வாரமே இல்ல. எனக்கே தெரியுது, அவனுக்குத் தெரியாதா? சுருட்டு விஷயத்துல அவன் கை என்னை விட நல்ல கை. ஆனா தினம் 'ஆகல, ஆகல'ங்கறான். நானும் 'ஆமாடா, ஆகல'ங்கறேன்."

"சரி."

"சரிங்கறீங்களே. ஒரு தடவை அவனை ஏமாத்தப் பார்த்து, உங்க முன்னாடி உட்கார்ந்து அழுதேன். இப்ப மறுபடி அதையேதானே பண்றேன்? பதம் வந்துடுச்சு, பத்த வைடான்னு சொல்லிடணும். அதுதானே நியாயம்? ஆனா சொன்னா…"

பட்டறைக் குரல் உடைந்து போயிருந்தது.

"சொன்னா மறுநாள் வண்டி ஏறிடுவான்மா. வாயால சொல்லிட்டான். சொன்ன சொல்லை மாத்த மாட்டான், கழுதை. நான் என்ன பண்ணட்டும்? உங்க கை தப்பு சொல்லாது. நீங்க பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, நான் போய் அப்படியே அவன்கிட்ட சொல்லிடறேன். பதம்னா பதம்."

மரகதம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுருட்டை வாங்கினார். கண்ணை மூடினார். காதோரம் கொண்டுபோய் இரண்டு விரலால் மெல்ல உருட்டினார். முதலில் ஒரு முனை, பிறகு நடு, பிறகு மறுமுனை. அவசரமே இல்லை. குழந்தைவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் காதையும் கிட்டே நீட்டிக் கேட்டார். கொள்ளிடத்துக் காற்றுதான் கேட்டது.

மரகதம்மா கண்ணைத் திறந்தார். சுருட்டைத் திரும்பக் கைக்குட்டையில் வைத்து, நாலு மூலையையும் மடித்து, அவர் உள்ளங்கையில் வைத்து அமுக்கினார்.

"சத்தம் வருதே," என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

"உங்களுக்கு வயசாயிடுச்சு ஐயா. எனக்கு நல்லாக் கேக்குது. நாளைக்குப் பாருங்க."